ஸ்டாப் என்றால் நிறுத்து மட்டும்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் தேர்வில் ‘த டீச்சர் ஸ்டாப்ட் டு டாக்’ என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ‘ஸ்டாப்புக்குப் பிறகு எப்போதும் இங்தான் வரும்’ என்று பக்கத்தில் குறிப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டாப் என்றால் நிறுத்து, அதற்குப் பின்னால் ‘டு’ வந்தால் என்ன, ‘இங்’ வந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ‘புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்’ என்றால் முழுமூச்சாக இறங்குவது என்கிறார்களே, அதில் நிறுத்துவது எங்கே இருக்கிறது? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் மாதிரி தெரிந்தாலும் சிக்கல் ஒன்றுதான். ஸ்டாப் என்றால் நிறுத்து என்று நாம் எல்லோரும் சின்ன வயதில் மனப்பாடம் செய்துவிட்டோம். அந்தப் பொருள் சரிதான், ஆனால் பாதிதான் சரி.

நான் 28 ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். எனக்கு வாய்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்கள் இந்தச் சொல்லில் எங்கெங்கே இடறினார்களோ, அதை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். என் காது பழகியது இந்திய ஆங்கிலத்துக்கும் பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களுக்கும். அமெரிக்கப் பேச்சைப் பற்றி நான் சொல்லும் இடங்களில் கொஞ்சம் கழிவு போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தச் சந்தேகமும் இல்லாத விஷயம். இரவுப் பேருந்தில் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகிறீர்கள். நடுவில் விக்கிரவாண்டிப் பக்கம் ஓர் இடத்தில் வண்டி ஒதுங்குகிறது. ‘டிரைவர் டீ குடிக்க நின்றார்’ என்று சொல்வோம். அது ஆங்கிலத்தில் ‘த டிரைவர் ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’. அதே டிரைவருக்கு வயிற்றுப்புண் வந்து, மருத்துவர் சொன்னதால் ‘டீ குடிப்பதை நிறுத்தினார்’ என்றால், ‘ஹீ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’. முதல் வாக்கியத்தில் டீ உள்ளே போகிறது, இரண்டாவதில் டீக்கு முழுக்கு. ‘டு’ வந்தால் எதற்காக நின்றார் என்பது தெரிகிறது. ‘இங்’ வந்தால் எதை விட்டார் என்பது தெரிகிறது. ஆக, ஸ்டாப்புக்குப் பிறகு ‘டு’ வரவே வராது என்று ஆசிரியர் எழுதியது விதியாக நிற்காது. வரும், ஆனால் வந்தால் பொருள் வேறு. வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு மாரடிக்கும்போது இப்படி ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கத் தோன்றும், நானும் சொல்லியிருக்கிறேன். முதலாமாண்டுப் பாடத்துக்குப் போதும், விடைத்தாளைத் திருத்தப் போதாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கவே கூடாது என்பது என் கட்சி. மேலே உள்ள இரண்டு தமிழ் வாக்கியங்களை இன்னொரு முறை பாருங்கள். ‘குடிக்க நின்றார்’, ‘குடிப்பதை நிறுத்தினார்’. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பின்னால் வரும் வாலை மாற்றுகிறது. தமிழ் வாலையும் மாற்றி, வினையையும் மாற்றிவிடுகிறது. தானாக நிற்பதற்கு நில், இன்னொன்றை நிற்க வைப்பதற்கு நிறுத்து. ரயில்வே கேட்டில் ‘நில், கவனி, செல்’ என்று எழுதியிருக்கிறதே, அங்கே ஸ்டாப்புக்கு ஈடாக யாரும் ‘நிறுத்து’ என்று எழுதவில்லை. அந்தப் பலகைக்கு வாசகம் எழுதியவருக்கு அகராதியைவிடக் காது நன்றாக வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் தவறு செய்கிறார்கள்? தமிழில் யோசிப்பதால்தான் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘பேச நிறுத்தினார்’ என்று தமிழில் எந்தக் குழந்தையும் சொல்லாது. தமிழிலேயே யோசித்திருந்தால் தப்பித்திருப்பான். அவன் ஏமாந்தது ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லிடம். ‘ஸ்டார்ட்டட் டு டாக்’ சரி, ‘ஸ்டார்ட்டட் டாக்கிங்’கும் சரி, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் எதிர்ச்சொல்லும் அப்படித்தான் இருக்கும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். ‘லைக்’, ‘பிகின்’ எல்லாமும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவை. தமிழ் இங்கேயும் கைகொடுக்கிறது பாருங்கள்: ‘பேசத் தொடங்கினார்’ என்று சொல்லலாம், ‘பேச நிறுத்தினார்’ என்று சொல்ல முடியாது. தொடங்குவதும் நிறுத்துவதும் எதிர்ப்பதங்கள் என்றாலும் நமக்கே அவை இலக்கணத்தில் ஒரே தடத்தில் போவதில்லை. உங்கள் மகனிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். விதி எழுதி மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது.

இதே வீட்டில் இன்னொரு ஆசாமி இருக்கிறார், ‘சீஸ்’. போர்நிறுத்தத்துக்கு ‘சீஸ்ஃபயர்’ என்கிறோமே அவர்தான். அவருக்குப் பின்னால் ‘டு’ வந்தாலும் ஒழிதல் என்ற பொருள்தான். ‘இட் சீஸ்ட் டு எக்ஸிஸ்ட்’ என்றால் அது இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் ஸ்டாப்பைப் போட்டால் ‘இருப்பதற்காக நின்றது’ என்று கோமாளித்தனமாகிவிடும். எழுத்திலும் சட்டத்திலும்தான் சீஸ் அதிகம் புழங்கும். வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘க்விட்’டுக்கு அடியில் கிடப்பது விட்டுப் போதல். 1942இல் காந்தி எழுப்பிய ‘க்விட் இந்தியா’ முழக்கத்தைத் தமிழில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஆக்கினார்கள். ‘இந்தியாவை நிறுத்து’ என்று ஆக்கவில்லை. வேலையை விடலாம், சிகரெட்டை விடலாம், அதற்கெல்லாம் க்விட் சரி. ஆனால் உங்களுடையதைத்தான் நீங்கள் க்விட் செய்ய முடியும். அடுத்தவர் புகைப்பதை நீங்கள் க்விட் செய்ய முடியாது, ஸ்டாப்தான் செய்ய வேண்டும்.

இப்போது நம் பிள்ளைகள் அதிகம் விழும் குழி. ‘அம்மா என்னைப் போகவிடாமல் தடுத்தாள்’ என்பதற்கு ‘மை மதர் ஸ்டாப்ட் மீ டு கோ’ என்று எழுதுவார்கள். இது தவறு, இதில் விவாதமே இல்லை. தடு என்ற பொருளில் வரும் ஸ்டாப்புக்கு ‘ஃப்ரம்’ என்ற துணை வேண்டும்: ‘ஸ்டாப்ட் மீ ஃப்ரம் கோயிங்’. பிரிட்டிஷ் பேச்சில் அந்த ஃப்ரம்மை விழுங்கிவிட்டு ‘ஸ்டாப்ட் மீ கோயிங்’ என்பதும் சரளமாக நடக்கும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஃப்ரம்மை விடுவதில்லை. தேர்வுக்கு எழுதுகிறவன் ஃப்ரம் போட்டே எழுதட்டும், அதைத் தவறென்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் இல்லை. செயப்பாட்டு வினையாகத் திருப்பினால் ஃப்ரம்மை விடவே முடியாது. ‘ஐ வாஸ் ஸ்டாப்ட் ஃப்ரம் கோயிங்’ என்று மட்டுமே வரும்.

இங்கே ஒரு சாம்பல் நிறப் பகுதி உண்டு. ஃப்ரம் வந்தால் காரியம் தொடங்கும் முன்பே தடுத்தது, ஃப்ரம் இல்லாவிட்டால் நடந்துகொண்டிருந்ததை நிறுத்தியது என்று சில கையேடுகள் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை நான் நம்புவதில்லை. ‘ஐ ஸ்டாப்ட் தெம் ஃபைட்டிங்’ என்றால் சண்டை ஏற்கெனவே நடந்ததா, நடக்க இருந்ததா என்பதைச் சூழல்தான் சொல்லும். ஃப்ரம்மைச் சேர்த்தால் ‘முன்பே தடுத்தது’ என்ற பக்கம் கொஞ்சம் சாயும், அதற்கு மேல் இல்லை. தமிழில் தடுத்தேன், நிறுத்தினேன், விலக்கிவிட்டேன் என்று மூன்று கதவு வைத்திருக்கிறோம். ஆங்கிலம் ஒரே கதவில் மூன்று பேரையும் அனுப்புகிறது, அவ்வளவுதான்.

இது வரைக்கும் ஸ்டாப் எங்கே நிறுத்து ஆகாது என்று பார்த்தோம். நிறுத்து எங்கே ஸ்டாப் ஆகாது என்பதுதான் எனக்கு இன்னும் சுவையான விஷயம், ஏனென்றால் இதை எந்த ஆங்கில இலக்கணப் புத்தகமும் சொல்லித் தராது. நில் என்ற சொல்லுக்கு ஓட்டம் ஒழிதல் மட்டுமல்ல, காலூன்றி எழுந்து நிற்பதும் பொருள். அதனால் நிறுத்து என்றால் எழுப்பி நிற்க வைப்பதும்தான். கொடிக்கம்பத்தை நிறுத்துகிறோம். கட்சி வேட்பாளரை நிறுத்துகிறது. ஒரு மாணவர் ‘த பார்ட்டி ஸ்டாப்ட் எ குட் கேண்டிடேட்’ என்று எழுதியிருந்தார். நல்ல வேட்பாளரைக் கட்சி தடுத்துவிட்டது என்றாகிவிட்டது! சில தொகுதிகளில் அதுவும் உண்மையாக இருக்கலாம், அது வேறு கதை. அவர் சொல்ல வந்ததற்கு ‘ஃபீல்டட்’ என்று வர வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்தேன் என்றால் ‘பார்க்ட்’. ஸ்டாப்ட் என்று சொன்னால் வண்டி ஓடாமல் நின்றது மட்டும்தான் தெரியும், இறங்கிப் பூட்டிவிட்டு வந்தது தெரியாது. ஃபேனை நிறுத்து என்பதற்கு ‘ஸ்டாப் த ஃபேன்’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். புரியும். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் காதில் அது சுழலும் இறக்கையைக் கையால் பிடித்து நிறுத்தச் சொல்வது போல விழலாம், ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பதே வழக்கு. கல்யாணம் நின்றுபோனால் ‘த மேரேஜ் ஸ்டாப்ட்’ இல்லை, ‘த வெட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்’. மழை நின்றால் மட்டும் நிம்மதி. ‘த ரெயின் ஸ்டாப்ட்’, இரண்டு மொழியும் ஒத்துப்போகிறது.

இந்த வரிசையில் ஒன்றைத் திருத்தும்போது எனக்குக் கை ஓடவில்லை. தன் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது முதலாமாண்டுப் பெண் ஒருத்தி ‘தே ஸ்டாப்ட் மை சிஸ்டர் இன் எய்த்’ என்று எழுதியிருந்தாள். அக்காவை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். தமிழில் இதைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பள்ளி என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக்கூடக் கவனிக்க மாட்டோம். ஆங்கிலத்தில் அது நிற்காத வாக்கியம், ‘தே டுக் மை சிஸ்டர் அவுட் ஆஃப் ஸ்கூல் ஆஃப்டர் தி எய்த்’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும். திருத்திக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, ‘சார், இதுல அவங்க அக்காவை எங்கேயோ கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கே’ என்றாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவரை ‘டிஸ்கன்டினியூ பண்ணிட்டான்’ என்கிறோமே, அதுவும் இந்த ஊர்ச் சரக்குதான். வெளியே ‘டிராப்ட் அவுட்’ என்பார்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முழுமூச்சாக இறங்குவதில் ஸ்டாப் எங்கே வந்தது? இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் நிறுத்துவது இல்லை, அடைப்பது. துளையை அடைப்பது, ஓட்டையை மூடுவது. பழைய ஆங்கிலத்தில் இது காதை அடைப்பதற்கு வந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ஷ்டாப்ஃபன்’ என்பதற்கு இன்றும் திணி, அடை என்றே பொருள். அங்கிருந்து பின்னால் போனால் பெரும்பாலான அகராதிகள் லத்தீன் ‘ஸ்டுப்பா’வில் கொண்டுபோய் விடும். ஸ்டுப்பா என்றால் சணல், ஆளி போன்றவற்றின் சிக்கு நார். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் அந்த நாரைத் திணித்து நீர் புகாமல் செய்வார்கள். நம் கடற்கரைகளில் கலப்பத்து வேலை என்கிறார்களே, அது. டெஃப்லான் டேப் வருவதற்கு முன் பிளம்பர் குழாய் மரையில் சணலைச் சுற்றி இறுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பிறப்பிடம் உடனே புரியும். லத்தீனிலிருந்து வந்தது என்ற பகுதி எல்லோரும் ஒப்புக்கொண்டதல்ல. ஜெர்மானிய மொழிகளுக்கே சொந்தமான வேர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அடைப்பது என்ற பழம்பொருளில் மட்டும் தகராறு இல்லை.

அங்கிருந்து கிளை பிரிந்ததை ஊகிப்பது கடினமில்லை. ஓட்டையை அடைத்தால் ஒழுகல் நிற்கும். வழியை அடைத்தால் வருகிறவன் நிற்பான். அடைப்பதில் தொடங்கி, தடுப்பதாகி, நிறுத்துவதாகி, கடைசியில் தானே நிற்பதாகவும் ஆனது. பழைய பொருள் செத்துவிடவில்லை. பாட்டில் மூடி ஸ்டாப்பர், குழாயில் இருப்பது ஸ்டாப் காக், சளி பிடித்த மூக்கு ‘ஸ்டாப்ட் அப்’. பல்லில் சொத்தையை அடைப்பதற்கு இப்போது ஃபில்லிங் என்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கில் அது ஸ்டாப்பிங். மொழியியலிலும் ‘ஸ்டாப்’ உண்டு. க், ட், த், ப் என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நாக்கோ உதடோ மூச்சுக்காற்றை ஒரு கணம் முழுக்க அடைத்துவிட்டுத்தான் விடுகிறது. தமிழில் இவற்றை அடைப்பொலி என்றும் வெடிப்பொலி என்றும் எழுதுகிறார்கள். ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள்.

இசைக்கருவிகளில்தான் உங்கள் மரபுத்தொடர் பிறந்தது. பெரிய தேவாலயங்களில் குழாய் ஆர்கன் பார்த்திருப்பீர்கள். வாசிப்பவருக்கு இரண்டு பக்கமும் இழுத்துத் தள்ளும் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு குழாய் வரிசைக்குப் போகும் காற்றை அடைக்கும். அடைப்பதால் அதற்கு ஸ்டாப் என்று பெயர். குமிழை வெளியே இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்று போகும், எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் முழங்கும். ‘புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்’ என்பது அடைப்புகளை எல்லாம் பிடுங்கிவிடுவது. நிறுத்து என்ற பொருளை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும், அடை என்று வைத்துப் பார்த்தால் நேராகிவிடும்.

முற்றுப்புள்ளியை ‘ஃபுல் ஸ்டாப்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். ஒரு காலத்தில் எந்த நிறுத்தக்குறிக்கும் ஸ்டாப் என்று பெயர் இருந்தது, அதில் முழுமையானது ஃபுல் ஸ்டாப். அமெரிக்கர்கள் அதைப் ‘பீரியட்’ என்பார்கள். ஆங்கிலத் தந்திகளில் புள்ளிக்குப் பதில் ஸ்டாப் என்று சொல்லாகவே அடிக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள். அதனால் ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்ற வாசகம் வாசலில் வந்து நிற்கும் பயம் உங்கள் மகன் தலைமுறைக்கு இல்லை. அந்த ஸ்டார்ட்டும் நம் ஊர் ஆங்கிலம்தான். புறப்படு என்பதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தங்குவது என்ற பொருளை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். பழைய பிரிட்டிஷ் ஆட்கள் ‘ஐ ஆம் ஸ்டாப்பிங் வித் மை ஆன்ட்’ என்றால் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று அர்த்தம், அத்தையோடு சேர்ந்து எதையோ நிறுத்துகிறேன் என்று இல்லை. நம் ஊரில் ‘ஸ்டாப்பிங்’ பெயர்ச்சொல்லாகிப் பேருந்து நிற்கும் இடமாகிவிட்டது, ‘அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கணும்’ என்று கண்டக்டரிடம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது வெறும் ‘பஸ் ஸ்டாப்’. இலங்கைத் தமிழர்கள் அதையே ‘பஸ் ஹோல்ட்’ என்பார்கள். உச்சரிப்பில் ஒன்று: ‘ஸ்டாப்ட்’ என்பதன் முடிவில் ட் ஒலிதான், ‘ஸ்டாப்பெட்’ என்று நீட்ட வேண்டாம். எழுதும்போது மட்டும் இரண்டு பி போட வேண்டும்.

கடைசியாக மகனின் மதிப்பெண். ‘த டீச்சர் ஸ்டாப்ட் டு டாக்’ என்ற வாக்கியம் மட்டும் தனியாக இருந்தால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பேசுவதற்காக நின்றார் என்று பொருள் தரும் ஒழுங்கான வாக்கியம் அது. ஆனால் கேள்வித்தாளில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ‘மணி அடித்ததும்’ என்று தொடங்கியிருந்தால் பேச்சு நின்றிருக்கிறது, ‘டாக்கிங்’தான் விடை, ஆசிரியர் திருத்தியது சரி, குறிப்பு மட்டும்தான் தவறு. ‘வராந்தாவில் போகும்போது தலைமையாசிரியரைப் பார்த்து’ என்கிற மாதிரி இருந்தால் பையன் எழுதியதே சரி, ஒரு மதிப்பெண் அவனுக்கு வர வேண்டும். தாளை எடுத்து அந்த முன்பாதியைப் படித்துப் பாருங்கள். ஆசிரியரிடம் போவதென்றால் இந்தப் பதிலை எடுத்துப்போக வேண்டாம், அந்த டீக்கடை உதாரணம் ஒன்று போதும்.